மொசைக் தரையில் ஒரு பாவி

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் கிணறு வெட்ட சர்க்கார் மானியம் கொடுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். யாருக்குக் கொடுத்தது என்பதுதான் தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டு எங்கள் தெரு எத்தனை நாள் தூங்கும்? போன ஊர்க்கூட்டத்தில் யாரோ எழுந்து, வாங்கியவர்கள் பெயரை ஊரறியச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டார்கள். அந்த யாரோ நான்தான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. இருக்கட்டும்.

மானியக் கணக்கு வைத்திருக்கும் கிராமசேவக் கோவிந்தப்பா ஒப்புக்கொண்டார். அவரவர் கூடும் இடத்தில் அவரவர் பெயர். மாதா கோவில்காரர்கள் பெயர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படிக்கப்படும் என்றார்.

அன்றிலிருந்து எதிர்வீட்டு ரெமிஜியஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்டோன்மென்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மாமனார் அவர் பெயருக்கு எழுதிவைத்த திராட்சைத் தோட்டம் வீட்டை ஒட்டியே இருக்கிறது. அதற்குப் பக்கத்து வீட்டுத் தியோடரின் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமப்பது மனைவி பவுலின். நமக்கு எப்போது கிணறு என்று அவள் கேட்டால், சர்க்கார் இன்னும் பணம் தரவில்லை என்பார். இதற்கிடையில் வீட்டு முகப்புக்கு மொசைக் தரை வந்துவிட்டது. கம்பெனி போனஸாம். அதே கம்பெனியில் இருக்கும் என் மச்சானுக்கு அந்த போனஸ் ஏனோ வரவில்லை.

வாரம் முழுக்க அந்த மொசைக்கின் மேல்தான் நடை. பஸ் நிற்கும் இடத்தில் கோவிந்தப்பாவை மடக்கி, தன் பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னார். நான் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தேன்.

“ஒரு பேர விட்டா மிச்ச பேரெல்லாம் பொய்யின்னு ஆயிடும் சார். பாவிக்குக் குடுத்த துட்டு. பாவி இருந்தா பயம் ஏன்?” என்றார் கோவிந்தப்பா.

கன்னடத்தில் கிணறு என்றால் பாவி. கோவிந்தப்பா பேசுவது பாதித் தமிழ், பாதிக் கன்னடம்; எழுதுவதும் அப்படியே.

சனிக்கிழமை ரெமிஜியஸ், நாளைக்கு ரிச்சர்ட்ஸ் டவுன் கோவிலுக்குப் போகலாமே என்று ஆரம்பித்திருக்கிறார். பீடத்துக்குப் பூ வைப்பது இந்த வாரம் தன் முறை என்று சொல்லிவிட்டாள் பவுலின்.

கோவிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சில்வெஸ்டர் நாகர்கோவில்காரர். வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. கன்னடத்தில் ஒரு சொல் தெரியாது. ஞாயிறு பூசை முடிந்ததும், கோவிந்தப்பா தமிழ் எழுத்தில் கொடுத்த பட்டியலை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

“பாவி, தியோடர். பாவி, ரெமிஜியஸ்.”

நாங்கள் கன்னடம் தெரிந்தவர்கள்தான். ஆனால் பீடத்துக்கு முன்னால் நின்று ஒருவர் பாவி என்றால் யாருக்குக் கிணறு ஞாபகம் வரும்? ஈஸ்டருக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்கள் பெயரைச் சாமியார் படிக்கச் சொல்லியிருக்கிறார் என்றே நினைத்தோம். உள்ளபடியே கிணறு வெட்டிய தியோடர்கூட, “நேத்துதானே பண்ணிட்டு வந்தேன்” என்று முனகினார். ரெமிஜியஸ் சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பார். வாரமெல்லாம் அந்தச் சொல்லோடு படுத்து எழுந்தவர் காதில் மட்டும் அது சரியாக விழுந்து தொலைத்தது. எழுந்துவிட்டார்.

“வெட்டிடறேன் சாமி. மழைக்கு முன்னாடி வெட்டிடறேன்.”

பெண்கள் பக்கத்திலிருந்து பவுலின் திரும்பினாள். “எத வெட்டப் போறீங்க?”

அதற்குள் கோவில் முழுக்கக் கன்னடம் ஞாபகம் வந்துவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பவுலின் சிரிக்கவில்லை, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவளே நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தாள். தோட்டம் முழுக்க அவர் உள்ளங்கையில் படுத்தே கிடந்த தேங்காய், முகப்பு மொசைக்கில் ஏறியதும் விறைத்து எழுந்து நின்றது. முதல் நாளே பவுலினை அவர் வீட்டு வாசலில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். யார் பார்த்தது என்று கேட்காதீர்கள்.

“இங்கியா?” என்றார் ரெமிஜியஸ்.

“தேங்கா சொல்லுது. போனஸு வந்துச்சே, அதுல வெட்டுங்க.”

இப்போது விடிந்தால் கடப்பாரைச் சத்தம். மொசைக் போய்ப் பாறை வந்திருக்கிறது. தினமும் நானும் போய் எட்டிப் பார்க்கிறேன். சர்க்கார் பணம் அல்லவா?