நுண்ணோக்கிக்குப் பொட்டு வைத்தவன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. ஆயுத பூசை முடிந்த மறுவாரம், லுக்குட் என்ற ஊரில் ஒரு கார் பட்டறையில் என் பக்கத்தில் காத்திருந்த பெண்ணுடையது. டயர் கழற்றும் இயந்திரத்தில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டைப் பார்த்துவிட்டு, "எங்க லேப்லயும் வெச்சாங்க லா, மைக்ராஸ்கோப் மேல!" என்று சிரித்தாள். சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுச் சாலையைப் பார்த்தாள். அதற்குள் என் கார் தயாராகிவிட்டது.

ஏன் நிறுத்தினாள்? தெரியாததால்தான் எழுதுகிறேன்.

2

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஓர் எஸ்டேட். அங்கே, எண்ணெய் எடுக்கும் செம்பனையின் திசு வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் திலகா

(இல்லை. பொட்டுக் கதையில் திலகாவா? ரோகினி என்று மாற்றிவிட்டேன்.)

ரோகினியின் வேலை, செல்களை உயிரோடு பார்ப்பது. சொல்வது சுலபம். உயிருள்ள செல் கண்ணாடி மாதிரி. சாதாரண நுண்ணோக்கியில் அதைத் தேடுவது, தண்ணீருக்குள் தண்ணீரைத் தேடுவது போலத்தான். சாயம் ஏற்றினால் பளிச்சென்று தெரியும், ஆனால் பெரும்பாலும் செல் செத்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கி இன்னும் நுட்பம். அதற்குச் செல்லைக் கொன்று, மெல்லிசாகச் சீவி உள்ளே வைக்க வேண்டும். ஒளிரும் மருந்து ஊற்றிப் பார்க்கிற ஒன்று உண்டு. வெளிச்சம் அதிகம் பட்டால் செல் வாடிவிடும். நான்காவதுதான் புதிதாக வந்திருந்தது. சாயமே வேண்டாம். செல்லுக்குள் புகுந்து வரும் ஒளியின் வித்தியாசத்தை வைத்தே அதை உயிரோடு காட்டிவிடும்.

* முப்பது குடும்ப நாவல்கள் எழுதிவிட்டேன். என் கதாநாயகிகள் எல்லாருக்கும் சாயம் ஏற்றித்தான் பார்த்திருக்கிறேன் என்று இந்த இடத்தில்தான் உறைத்தது.

3

முகுந்தன் அதே கூடத்தில் ஒப்பந்த ஊழியன். அவன் அம்மா ரோகினி வீட்டுக்குப் பெண் கேட்டு வந்துபோய் மூன்று வாரம் ஆகிறது. ரோகினி இன்னும் பதில் சொல்லவில்லை.

பூசை நாள் மாலை, கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தான்.

"லோரி, டிராக்டர், புல்லு வெட்டுற மெஷின், எல்லாத்துக்கும் வெச்சாச்சு."

"என் மெஷின் என்ன பாவம் பண்ணுச்சு? அத மட்டும் விட்டுட்ட?" என்றாள் ரோகினி, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், விளையாட்டாக.

விடுமுறை முடிந்து அவள் வந்தபோது, புது நுண்ணோக்கியில் ஒளி இறங்குகிற கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அவள் முகம் மாறியதைப் பார்த்து முகுந்தன் பதறி, சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தான். கண்ணாடியில் கீறல் விழுந்தது.

4

ரோகினி அவனை ஓங்கி அறை

ரோகினி முகத்தை மூடிக்கொண்டு அழு

(இரண்டும் பொய்.)

ரோகினி குனிந்து பார்த்தாள். மங்கலுக்குள், செல்லுக்குள்ளே துகள்கள் அசைந்தன. உயிரின் ஓட்டமா, தூசியும் தண்ணீரில் நடுங்குமே, அந்த வெறும் நடுக்கமா?

"உசுரோட இருக்கா?"

"தெரியல முகுந்தா. இதுல தெரியாது."

கூடத்தின் தலைவி டாக்டர் நிவேதிதா படிவத்தை நீட்டினார். "யாரால சேதம்னு எழுதிக் கொடு ரோகினி. அஞ்சு மணிக்குள்ள வேணும்."

முகுந்தன் பேரை எழுதினால், மாதக் கடைசியில் அவன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. தன் பேரை எழுதினால், நான்கு வருடமாகக் காத்திருக்கும் பதவி உயர்வு போய்விடும்.

5

முடிவு அ: தன் பேரை எழுதுகிறாள். தைப்பூசம் கழித்துக் கல்யாணம். (என் வாசகிகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு மனிதனைக் காப்பாற்றுவதும் கட்டிக்கொள்வதும் ஒன்றா?)

முடிவு ஆ: அவன் பேரை எழுதுகிறாள். உண்மைதானே. (முழு உண்மையா?)

முடிவு இ: இரண்டு பேரையும் எழுது

(வேண்டாம். அது என் கோழைத்தனம்.)

6

நாலே முக்கால். முகுந்தன் வாசலில் வந்து நின்றான்.

"என் பேர எழுதிடு லா. நான்தானே வெச்சேன்."

"வைக்கச் சொன்னது நான்தானே?"

"நீ சும்மா சொன்ன. எனக்குத் தெரியும்."

அவள் நிமிர்ந்தாள். "தெரியுமா? தெரிஞ்சுமா வெச்ச?"

"நீ சொன்னியே," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். இது அன்பா, மடத்தனமா? இப்படி ஒருவனோடு ஆயுள் முழுக்கப் பத்திரமாக இருக்கலாமா, ஆயுள் முழுக்க வாயை அளந்துதான் பேச வேண்டுமா? ரோகினிக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை, இரண்டு நாளாக இந்த வரியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பேனா முனை படிவத்தைத் தொட்டுவிட்டது. முகுந்தன் வாசலை விட்டு நகரவில்லை. நான் எழுந்துகொள்கிறேன். கொஞ்ச நேரம் நீங்கள் அவள் நாற்காலியில் உட்காருங்கள். யார் பேரை எழுதுகிறீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். எழுதி முடித்தபின் அவன் முகத்தை உங்களால் நிமிர்ந்து பார்க்க முடிகிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.