ஜன்னல் நிறைய ஓர் அறிவிப்பு

ஹூஸ்டனில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஹெர்லிண்டாவைத் தேடி நோட்டரி எவாரிஸ்டோவே வந்திருந்தார். கையெழுத்துக்கு முத்திரை குத்த மட்டுமே உரிமம் பெற்ற மனுஷன், வக்கீல் மாதிரி யோசனை சொல்லி, பிழைக்க வந்தவர்களின் குடியேற்ற மனுக்களைக் கெடுத்துக்கொண்டிருந்தார். இப்போது உண்மையைச் சொல்லி ஆபீசில் அறிவிப்பு வைக்கும்படி சட்டம் அவர் கழுத்தைப் பிடித்திருந்தது.

"'நான் வக்கீல் இல்லை'ன்னு ஓரமா எழுதிடும்மா. மேல காலண்டரை மாட்டிக்கிறேன்."

"அரசாங்கக் கடுதாசியைக் காட்டுங்க, டோன் எவாரிஸ்டோ" என்றாள் மரியாதை விடாமல்.

'எல்லோர் கண்ணிலும் படும்படி' என்றிருந்தது. அவள் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் ஆபீசுக்குப் போனாள்.

அவர் டாக்கோ சாப்பிடப் போனதுதான் தாமதம், ஏணியைப் போட்டு ஏறினாள். தெருவைப் பார்த்த ஜன்னல் முழுக்க, ஸ்பானிய மொழியில், ரத்தச் சிவப்பில் எழுதித் தள்ளினாள்: நான் வக்கீல் இல்லை. சட்ட யோசனை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அவரைப் பார்க்க வாசலில் வரிசையாக நின்றவர்களில் ஒருத்தி உரக்கப் படித்தாள். "அடப்பாவி! அப்ப நாம எதுக்குடி இங்க கால்கடுக்க நிக்கிறோம்?"

வரிசை ஹோவென்று கலைந்தது. எவாரிஸ்டோ வாயில் வழிந்த சல்சா சட்னியோடு ஓடிவந்தார்.

"அழி! இப்பவே அழி!"

"சட்டம் கேட்டதைத்தான் எழுதிருக்கேன். தைரியமிருந்தா நீங்களே அழிங்க!"

எழுதியவர் பெயர் போடும் மூலையில் அவர் பார்வை நின்றது. "ஹசிந்தோவா? யாரு அது?"

"மறந்துட்டீங்களா? என் தம்பி. நீங்க போட்ட மனுவாலதான் அவனை நாடு கடத்தினாங்க. ஆளைத்தான் இருக்க விடலை. பேராவது இந்த ஊர்ல இருக்கட்டும்."