கனிசியஸுக்கு ஒரு பூசை

கனிசியஸின் படகு மட்டும்தான் திரும்பி வந்தது. மண்டைதீவுப் பக்கம் தனியே மிதந்துகொண்டிருந்ததைக் கடற்றொழிலுக்குப் போனவர்கள் கண்டு, குருநகர்க் கரைக்கு இழுத்துவந்து விட்டார்கள். வலை நனையாமல் கிடந்தது. கடற்படையின் சூட்டுச் சத்தம் கேட்டது என்றார் ஒருவர். காற்று மாறியடித்தது என்றார் இன்னொருவர். எண்பத்தாறாம் ஆண்டு அது. அதற்கு மேல் யாரும் துருவிக் கேட்கவில்லை.

அவன் மனைவி லூர்த்தம்மா அழவில்லை. பெண்கள் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுபோடு பிள்ளை, நெஞ்சுக்குள்ளை வைச்சிராதை" என்றார்கள். அவள் படகின் அடியில் பிடித்திருந்த பாசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைச் சுரண்ட வேண்டும் என்று அவன் போன கிழமைதான் சொல்லியிருந்தான்.

பிறகு அவள் மீன் விற்கத் தொடங்கினாள். விடியக் கரையில் மீன் எடுத்து, பனையோலைக் கடகத்தில் வைத்து, பஸ் ஏறி உடுவிலுக்குப் போவாள். பின்னேரம் வந்து சமைப்பாள். பொழுதுபட்டதும் மாமியார் அருமைநாயகியோடு முழங்காலில் நின்று செபமாலை சொல்லுவாள். வாய் பிசகாமல் சொல்லியது. மனம் எங்கே நின்றதென்று அவளுக்கே தெரியாது.

செபமாலையின் முடிவில் கடலில் நிற்கிறவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம், மரித்தவர்களுக்காக இன்னொன்று. மாமி மகனின் பெயரைக் கடலில் நிற்கிறவர்களோடு சேர்த்தே சொல்லிவந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். காணாமற்போனதைத் தேடித் தருகிறவர் அவர்தானே. மழைக்காலம் வந்து போனது. கடலிலிருந்து ஒரு துணிகூடக் கரையொதுங்கவில்லை.

உடுவிலில் பாலேஸ்வரி என்ற அம்மா வழமையாக மீன் வாங்குவாள். வெள்ளிக்கிழமை மட்டும் அந்த வீட்டுப் படலைப் பக்கம் லூர்த்தம்மா போவதில்லை. அவர்கள் சைவக்காரர், அன்றைக்கு மச்சம் சமைக்கமாட்டார்கள். ஒருநாள் சட்டியில் மீனைப் போட்டுக்கொண்டே பாலேஸ்வரி கேட்டாள்:

"உம்மடை அவருக்குக் கிரியை ஒண்டும் செய்யேல்லையோ?"

"ஆள் கிடைக்கேல்லையே அம்மா."

"என்ரை அண்ணையும் எண்பத்துமூண்டுக் கலவரத்திலை கொழும்பிலை போனவர்தான், ஆள் கிடைக்கேல்லை. ஒரு வருசம் பாத்திட்டு, தர்ப்பையிலை ஆளைப்போலை ஒண்டு செய்து சுடலையிலை எரிச்சம். சாம்பலைக் கீரிமலையிலை கரைச்சது. அதுக்குப் பிறகுதான் எங்கடை அம்மா வாயிலை சோறு வைச்சவ."

லூர்த்தம்மா கடகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில், நாள்தோறும் சொல்லுகிற விசுவாச மந்திரம் நினைவுக்கு வந்தது. சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன். எந்தச் சரீரம் என்று யோசித்தாள். கடல் தின்றது எப்படி எழும்பும்? பயத்தோடு யோசிக்கவில்லை. நாளைக்கு மழை வருமா என்று யோசிப்பதுபோலத்தான் யோசித்தாள்.

அடுத்த நாள் பங்குக் கோயிலின் செபநாயகம் சுவாமியிடம் போனாள்.

"சுவாமி, அவருக்கு ஒரு மரித்தோர் பூசை வைக்கவேணும்."

"மாமி சம்மதமோ?"

"இல்லை, சுவாமி."

சுவாமி கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். அந்த மாதம் அவர் அடக்கம் செய்தவர்கள் அதிகம்.

"எனக்குச் செபம் வருகுதில்லை சுவாமி. வாய்தான் சொல்லுது. அது பாவமோ?"

"எனக்கும் இப்ப அப்பிடித்தான், பிள்ளை" என்றார் அவர். "வாயாலை சொல்லுறதையும் ஆண்டவர் கேப்பார் எண்டு நினைச்சுக்கொண்டுதான் பீடத்துக்குப் போறன். சனிக்கிழமை வைப்பம்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமி, செய்தி கேட்டதும் சுளகைக் கீழே வைத்தாள்.

"என்ரை பிள்ளையை நீ சாக்காட்டப் போறியோ?"

"அவர் வரமாட்டார், மாமி."

"உனக்கு ஆர் சொன்னது? கடல் வந்து சொன்னதோ?"

அந்த இரவு மாமி தனியாகச் செபம் சொன்னாள். சனிக்கிழமை காலை லூர்த்தம்மா வெள்ளைச் சேலை உடுத்தபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "போயிட்டு வாறன்" என்று அவள் முதுகுக்குச் சொல்லிவிட்டு லூர்த்தம்மா இறங்கினாள்.

கோயில் நடுவில், சவப்பெட்டி வைக்கிற இடத்தில், இரண்டு மர வாங்கில்களை இணைத்துக் கறுப்புத் துணி விரித்திருந்தார்கள். சுவாமி அதன்மேல் தீர்த்தம் தெளித்தார். கனிசியஸ் என்ற பெயரை மரித்தவர்களோடு சேர்த்துச் சொன்னபோது தனக்கு ஏதாவது ஆகும் என்று லூர்த்தம்மா காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் வலித்தது. பூசை முடிந்ததும் வந்தவர்கள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மாமி கிணற்றடியில் நின்றாள். வாளி நிறையத் தண்ணீர் அள்ளி வைத்திருந்தாள். செத்தவீட்டுக்குப் போய்வருகிறவர்கள் முழுகாமல் உள்ளே வருவதில்லை.

"இதிலை வந்து நில்லு" என்றாள் மாமி.

லூர்த்தம்மா சேலையோடு போய் நின்றாள். மாமி வாளியைத் தூக்கி அவள் தலையில் ஊற்றினாள். இன்னொரு வாளி அள்ளினாள். மூன்றாவது வாளியைத் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டு, கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி கீழே இருந்துவிட்டாள். அவளிடமிருந்து வந்த சத்தம் பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும்.

லூர்த்தம்மா பக்கத்தில் குந்தி, மாமியின் நனைந்த முதுகில் கையை வைத்தாள். அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. "எழும்புங்கோ மாமி, குளிரப்போகுது" என்று சொல்லி அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.