மதில் தாண்டிய குழாய்

பெரியப்பா கர்ணன் வால்வைத் திருகப் போனபோது ஜோதிலட்சுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முற்றத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவள் அப்பா அழகுமலை. கொல்லையில் அவர் வளர்த்த பாசித் தொட்டிகள். அந்தப் பாசியும் சாணியும் புளித்து வரும் கேஸைப் பிடித்துவைக்கும் கறுப்புப் பலூன். மூன்று நாள் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்ததில் சமைக்க ஆளில்லாமல் அது வீங்கி நின்றது.

“காரியம் முடியிற மட்டும் நம்ம வீட்ல அடுப்பு எரியக்கூடாது தாயி. தெறந்து விட்டுட்டு தொட்டியவும் வடிச்சுருவோம். அவனோட போகட்டும்.”

“காத்துல இருக்குற கரிய பாசி இழுக்கும், எரிச்சா அந்தக் கரிதான் திரும்பும், எரிக்காம விட்டா அதவிடக் கேடுன்னு அப்பா தலபாடா அடிச்சுக்குவாக. நான் விடமாட்டேன் பெரியப்பா.”

“ஊரே பாசிக்கிறுக்கன்னு சொன்னுச்சு. மறந்துட்டியா?”

மறப்பாளா? திராட்சை போட்டுப் பிழைக்கிற சுருளிப்பட்டியில் பாசி போட்டவர் அவர் ஒருவர்தான். பெண் பார்க்க வந்தவர்கள்கூடத் தொட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அவளும் அப்பாவோடு பத்து நாள் பேசவில்லை. இப்போது அதை நினைக்க நெஞ்சு எரிந்தது. உட்கார்ந்து அழ நேரமில்லை. ரப்பர் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு, பரண் மேலிருந்த புது அடுப்பையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அவர்கள் பங்காளி இல்லை. அங்கே அடுப்பு எரியலாம்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்காக உமாதேவி காப்பிக்குப் பால் அளந்துகொண்டிருந்தாள்.

“அத்தை, எங்க கேஸ இங்கன எரிச்சுக்கிருங்க. இந்த அடுப்பு உங்களுக்குன்னு அப்பா வாங்குனது.”

“நாந்தான் அப்பவே வேணாம்னுட்டேனே. பாசி நாத்தம் பால்ல ஏறும்டி.”

“ஒரு பான வைங்க. நாறுச்சுன்னா நானே தொட்டிய வடிச்சுர்றேன்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்பாவின் ஆறு வருடப் பாட்டை ஒரு பானைப் பாலில் பணயம் வைத்துவிட்டாள்.

உமாதேவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரத்து மிக்ஸியை நகர்த்திக் குழாய்க்கு வழிவிட்டாள். ஜோதிலட்சுமி அதை மதில் தாண்டி இழுத்துப் பலூனோடு இணைத்தாள். தீ நீலமாகப் பற்றியது. பால் பொங்கியதும் உமாதேவி ஒரு கரண்டி எடுத்து மோந்து பார்த்தாள், குடித்தாள். தம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். கர்ணனும் ஒன்று வாங்கிக் குடித்தார்.

மத்தியானம் எடுத்தார்கள். தெருமுனை வரை போய்த் திரும்பிய ஜோதிலட்சுமி தலைமுழுகிவிட்டு, ஈரத் தலையோடு மதிலருகே வந்து நின்றாள்.

“குழாயக் கழட்டிரவா அத்தை?”

உமாதேவி வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

“கெடக்கட்டும். உலை வச்சிருக்கேன்.”