வைரக்கண்ணு தட்டிய ஒன்பது

பிப்ரவரி இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு மருதவாய் உழவர் குழுவின் அறையில் இருந்தவர்கள்:

குழுத் தலைவி செந்தாமரை. இடுப்பில் சாவிக்கொத்து, கையில் ஆறிப்போன டீ.

எழில்மொழி. குழுவின் இணையப் பக்கத்தைச் செய்தவள். திருவாரூரில் கணினி படித்துவிட்டு, ஊரில் இருந்தபடியே வெளியூர்க்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவள்.

ஜாஃபர் சாதிக். திருப்பனந்தாள் கடைத்தெருவில் செல்போன் கடை, மருதவாயில் இரண்டரை ஏக்கர் நிலம். வைஃபை பெட்டியைச் சரிபார்க்க வந்தவர். சரிபார்த்து முடித்தும் போகாதவர்.

பொன்னுத்தாய். உட்காரச் சொல்லியும் உட்காராமல் வாசற்படியில் நின்றவள்.

அவள் நின்றதற்குக் காரணம் அவள் கையிலிருந்த போனில் இருந்தது. குழுவின் பக்கம் திறந்திருந்தது. அறுவடை வரிசையில் இருபத்தேழு பெயர்கள். கடைசிப் பெயர் அவளுடையது. பெயருக்கு எதிரே தேதி இருபத்திரண்டு.

"பதினொண்ணாந் தேதியிலேருந்து மழைங்கறான்," என்றாள் பொன்னுத்தாய். "நெல்லு சாஞ்சு, தண்ணியில கெடந்து மொளவிட்டதுக்கப்புறம் ஒங்க மிஷின் வந்து என்னத்த அறுக்கும்? கீரையா?"

ஜாஃபர் சாதிக் மட்டும் சிரிக்க ஆரம்பித்து, வைஃபை பெட்டியைப் பார்த்துக்கொண்டார்.

இருபத்தைந்து வருஷம் பொன்னுத்தாய் மற்றவர்கள் வயலில் நாற்று நட்டிருக்கிறாள். இந்த வருஷம்தான் குத்தகைக்கு நாலு மா பிடித்துத் தன் பேரில் சம்பா போட்டாள். ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. நாலு மா என்பது பெரிய நிலமில்லை. ஆனால் அந்த நெல் அவளுடையது, வேறு யாருடையதும் இல்லை. அவள் வெளியூர் மிஷின் ஒன்றுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தாள். "அதெல்லாம் வேணாம் அத்தை, நம்ம குழு மிஷினே வருது, போன்லயே தேதி தெரியும்," என்று அதை ரத்து செய்ய வைத்தவள் எழில்மொழி. அந்த வெளியூர் மிஷின் இப்போது சீர்காழிப் பக்கம் போய்விட்டது.

ஆக, எழில்மொழி தன் வாயால் ஒருத்தியின் முதல் வெள்ளாமையை மழைக்குக் கொடுக்கப் பார்த்தாள்.

"அக்கா, இவங்கள மட்டும் முன்னாடி மாத்திடலாமா?" என்று செந்தாமரையைக் கேட்டாள். "ஒரு நிமிஷ வேல."

"வாய்க்கா தலமாட்டுலேருந்து கடமடை வரைக்கும் வரிசையாத்தான் மிஷின் போவணும்னு கை தூக்கினது நாமதான். ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு இருபத்தாறு பேரும் இந்தப் படியில வந்து நிப்பாங்க."

"எனக்குக் குறுக்க பூந்து வர வேணாம்," என்றாள் பொன்னுத்தாய். "வரிசையில வந்தே மழைக்கு முன்ன வரணும். அதுக்கு வழி சொல்லு. தெனம் ஊருக்கே வழி சொல்றியே."

அது குத்தல்தான், ஆனால் பொய்யில்லை. எழில்மொழி 'தினம் ஒரு தட்டல்' என்று ஒரு தளம் நடத்துகிறாள். காலை ஏழு மணிக்குப் புதுச் செய்தி ஒன்று, உபயோகமான குறிப்பு ஒன்று. எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி, வாட்ஸ்அப்பில் படம் தானாக இறங்குவதை நிறுத்துவது எப்படி, பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் லிங்கை ஏன் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெப்சைட் செய்கிறவர்களுக்கென்று தனியாக எழுதுவாள். நாலாயிரம் பேர் படித்தார்கள். அவர்களில் ஒருவர் ஜாஃபர் சாதிக். கடைக்கு வருகிறவர்களிடம் அவள் குறிப்புகளைத் தன்னுடையதாகச் சொல்லிவிடுவார்.

எழில்மொழி கணக்கை மறுபடி பார்த்தாள். மிஷின் ஒரு நாளைக்கு ஒன்பது ஏக்கர் அறுக்கும். பதிவான மொத்தப் பரப்பு நூற்றுத் தொண்ணூறு ஏக்கர். வகுத்தால் ஏறக்குறைய இருபத்தொரு நாள். இன்றைக்கு ஆரம்பித்தால் முடிவது இருபத்திரண்டு. கணக்கில் பிசகு இல்லை. பிசகு இல்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது. தப்பு இருந்தால் திருத்தலாம்.

அப்போது செந்தாமரையின் போன் அடித்தது. மிஷின் ஓட்டுகிற வளவன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, முடிஞ்சிருச்சு."

"என்னடா முடிஞ்சிருச்சு? மொத நாளேவா? பெல்ட் அந்துபோச்சா?"

"மிஷினுக்கு ஒண்ணும் இல்லக்கா. வைரக்கண்ணு அண்ணன் வயலு முடிஞ்சிருச்சு. பனி காஞ்சு எட்டரைக்கு எறங்கினேன், இப்ப பூவரச நெழல்ல ஒக்காந்திருக்கேன். சாயங்காலம் வரைக்கும் இந்த வயலுதான்னு போட்டிருக்கு. இன்னொரு தடவ அறுக்கவா?"

எழில்மொழி பட்டியலைப் பார்த்தாள். முதல் பெயர் வைரக்கண்ணு. பரப்பு: ஒன்பது. மூன்று மணி நேரத்தில் ஒன்பது ஏக்கர் அறுக்கிற மிஷின் இன்னும் எங்கேயும் செய்யப்படவில்லை. செய்திருந்தால் அந்தச் செய்தி காலை ஏழு மணிக்கு அவள் தளத்தில் வந்திருக்கும்.

"வைரக்கண்ணு மாமாவுக்கு எவ்வளவு நிலம் அக்கா?"

செந்தாமரை பதில் சொல்வதற்குள் வைரக்கண்ணுவே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் நெல் தூசி. முகம் கல்யாண வீட்டு முகமாக இருந்தது.

"தாயி, மிஷின்னா இது மிஷின்," என்றார். "சாயங்காலம் ஆவும்னு பத்துப் பேருக்குச் சோறு சொல்லிப்புட்டேன். சோறு வேவறதுக்குள்ள அறுத்துட்டான்."

"மாமா, ஒங்க வயலு எவ்வளவு?"

"ஒம்பது."

"ஒம்பது என்ன?"

வைரக்கண்ணு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உன் பெயர் என்ன என்று கேட்டதைப் போல. "ஒம்பது மா. எங்கப்பா காலத்துலேருந்து ஒம்பது மா."

"பக்கத்துல ஏக்கர்னு போட்டிருந்தேனே மாமா."

"எங்க போட்டிருந்த?"

எழில்மொழி தன் போனில் பதிவுப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். வெள்ளைப் பெட்டி. உள்ளே சாம்பல் நிறத்தில் சின்னதாக 'பரப்பு, ஏக்கரில்'. வைரக்கண்ணு தன் தடித்த விரலால் பெட்டியைத் தொட்டார். விசைப்பலகை எழும்பியது. சாம்பல் எழுத்து மறைந்தது.

"இப்ப எங்க இருக்கு?" என்றார். "காட்டு."

ஜாஃபர் சாதிக் மெதுவாகத் தன் போனை எடுத்து, கண்ணாடியை மாட்டி, செய்தி வாசிக்கிற குரலில் படித்தார்: "பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் எழுதி வைக்காதீர்கள். பயன்படுத்துகிறவர் தொட்டதும் அது மறைந்துவிடும். எதைக் கேட்டோம் என்பது அவருக்கு மறந்துவிடும். தினம் ஒரு தட்டல், நவம்பர் ஒன்பது, ஞாயிறு. எழுதியவர் எழில்மொழி."

"அண்ணே, போதும்."

"நல்லா எழுதியிருக்க தங்கச்சி. நாந்தான் கடையில எல்லாருக்கும் சொன்னேன். ஒன்கிட்ட சொல்ல விட்டுப்போச்சு."

செந்தாமரை டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "நூத்தித் தொண்ணூறு ஏக்கர்னு காட்டுதா? அடிப்பாவி, நம்ம வாய்க்கா பாசனமே பதினஞ்சு வேலி. நூறு ஏக்கருக்கு மேல இந்த ஊருல நஞ்சையே கெடயாது. மீதி தொண்ணூற எங்க வச்சிருக்க, கொள்ளிடத்துக்குள்ளயா?"

எழில்மொழிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் வேறொன்று துள்ளியது. தப்பு இருந்தது. தப்பு இருந்தால் திருத்தலாம்.

"எல்லாத்தையும் மூணால வகுத்துடறேன்," என்று லேப்டாப்பை இழுத்தாள்.

"என்னோடத வகுத்துடாத," என்று பதறினார் ஜாஃபர் சாதிக். "நான் ஏக்கர்லதான் போட்டேன். பத்திரத்தப் பாத்துப் போட்டேன்."

அங்கே முட்டிக்கொண்டது. யார் மாவில் போட்டார்கள், யார் ஏக்கரில் போட்டார்கள் என்று பக்கத்துக்குத் தெரியாது. இருபத்தேழு பேருக்கும் போன் போட்டால் பாதிப் பேர் வயலில் இருப்பார்கள், எடுக்க மாட்டார்கள். எடுப்பவர்கள் பதிலுக்கு முன் அரை மணி நேரம் மழையைப் பற்றிக் கேட்பார்கள்.

"பேரப் படி," என்றாள் பொன்னுத்தாய்.

எல்லோரும் வாசற்படியைப் பார்த்தார்கள்.

"இந்த ஊருல நான் எறங்காத வயலு எது? நடவுக்கு, மாவுக்கு அஞ்சு ஆளு. எந்த வயலுக்கு எத்தன பொம்பளைங்க எறங்கினோம்னு எனக்குத் தெரியாதா? படி."

எழில்மொழி படித்தாள். பொன்னுத்தாய் கண்ணை மூடிக்கொண்டு, விரல் மடக்கிச் சொன்னாள்.

"காயாரோகணம். எட்டுன்னு போட்டிருக்கு."

"எட்டு மாதான். நாப்பது ஆளு நட்டோம். மோருல உப்பு போட மாட்டாங்க அந்த வீட்டுல."

"மலர்க்கொடி. ஆறு."

"ஆறு மா. கெழக்கு வரப்பு கோணலு. மிஷின் திருப்பக் கூட அஞ்சு நிமிஷம் போட்டுக்க."

"அன்பரசன், ஏழு. எங்கப்பாதான்."

"ஒங்கப்பன் சொல்றது ஏழு. நட்டுப் பாத்தா ஏழேகாலு வரும்."

வைரக்கண்ணு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிரிக்கெட் பார்ப்பவரைப் போல ரசித்தார். அறுபது ஆளு, முப்பது ஆளு, இருபத்தஞ்சு ஆளு என்று பொன்னுத்தாயின் வாயிலிருந்து ஊரே அளந்து விழுந்தது. நட்ட வயல்களும், கூலியோடு வந்த சண்டைகளும், வழுக்கி விழுந்த வரப்புகளும் சேர்ந்தே வந்தன. எழில்மொழி தட்டிக்கொண்டே போனாள்.

"ரெங்கசாமி. ஒண்ணு."

பொன்னுத்தாய் கண்ணைத் திறந்தாள். "ஒண்ணா? அது ஒரு வேலி. இருவது மா. அம்பது ஆளு, ரெண்டு நாளு."

ஊரில் பெரிய நிலம் ரெங்கசாமியுடையதுதான். அவர் வாழ்நாளில் வேலிக்குக் கீழே எதையும் சொன்னதில்லை. பக்கம் அவருக்கு ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தது.

செந்தாமரை முதலில் சிரித்தாள். பிறகு வைரக்கண்ணு. பிறகு நிறுத்த முடியவில்லை. ஜாஃபர் சாதிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொன்னுத்தாய் அவளையும் அறியாமல் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

கடைசிப் பெயர் அவளுடையது.

"நாலு," என்றாள் எழில்மொழி.

"நாலு மா," என்றாள் பொன்னுத்தாய். விரல் மடக்கவில்லை. "அதுக்கு ஆளு வைக்கல. நானும் என் மவளுந்தான், பத்து நாளு."

எழில்மொழி மொத்தத்தைக் கூட்டினாள். எழுபத்தொரு ஏக்கர். எட்டு நாள். அவள் பக்கத்தைப் புதுப்பித்தாள். கடைசி வரியில் இருபத்திரண்டு போய் ஒன்பது வந்தது. பிப்ரவரி ஒன்பது. மழைக்கு இரண்டு நாள் முன்னால். வரிசையில் ஒரு பெயர்கூட இடம் மாறவில்லை.

பொன்னுத்தாய் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள், எட்ட வைத்துப் பார்த்தாள். "இது நெசமா, இல்ல இதையும் தொட்டா மறைஞ்சுடுமா?"

"தொட்டுப் பாருங்க அத்தை."

தொட்டாள். மறையவில்லை.

பிறகு எழில்மொழி பெட்டிக்கு வெளியே, கறுப்பில், பெரிய எழுத்தில் 'பரப்பு' என்று எழுதினாள். பக்கத்தில் ஒரு பட்டியல்: மா, ஏக்கர், வேலி, குழி. மா முதலில் இருந்தது. வைரக்கண்ணுவிடம் போனைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொன்னாள். அவர் ஒன்பது என்று தட்டி, மா என்பதைத் தேர்ந்தெடுத்து, சரியா என்று கேட்காமலேயே திருப்பிக் கொடுத்தார். அதற்குமேல் சோதனை தேவைப்படவில்லை. அவள் இருபத்தேழு பேருக்கும் புதுத் தேதியை அனுப்பினாள். அறையிலிருந்த போன்கள் ஒரே நேரத்தில் மணியடித்தன. தெருவில் எங்கோ ஒன்று அடித்தது. வாய்க்கால் பக்கம் ஒன்று.

முதல் அழைப்பு ரெங்கசாமியிடமிருந்து. "செந்தாமரை, ஒரு மணி நேரந்தான்னு போட்டிருந்துச்சு. குழுவுக்கு எம்மேல என்ன கோவம்னு ரெண்டு நாளாத் தூக்கமில்ல. கேக்கவும் கூச்சமா இருந்துச்சு."

"ஒங்க மேல கோவமில்லங்க. நீங்கதான் ஒங்க நெலத்த ஒரு ஏக்கராக்கிப்புட்டீங்க," என்றாள் செந்தாமரை. பிறகு வளவனைக் கூப்பிட்டாள். "தம்பி, நெழல்ல ஒக்காந்தது போதும். அடுத்த வயலு காயாரோகணம். கெளம்பு."

"மோரு குடுப்பாங்களாக்கா?"

"குடுப்பாங்க. உப்பு நீ எடுத்துட்டுப் போ."

அந்த வாரம் மிஷின் வாய்க்காலோடு இறங்கிக்கொண்டே வந்தது. வைரக்கண்ணு சொல்லிவைத்த பத்துப் பேர் சோற்றைப் பதினெட்டுப் பேர் சாப்பிட்டார்கள். ஐந்தாம் நாள் பெல்ட்டில் கல் சிக்கி ஒரு மணி நேரம் போயிற்று. மலர்க்கொடியின் கோணல் வரப்பில் சரியாக ஐந்து நிமிஷம் போயிற்று. பொன்னுத்தாய் தினம் காலை பக்கத்தைத் திறந்து ஒன்பது ஒன்பதாகவே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

ஒன்பதாம் தேதி மாலை ஐந்து மணி. வானம் தெற்கே லேசாக மங்கியிருந்தது, இன்னும் மழை மங்கல் ஆகவில்லை. அறையில் எழில்மொழி மறுநாள் காலைக்கான குறிப்பை எழுதிக்கொண்டிருந்தாள்.

'படிவம் செய்கிறவர்களுக்கு: அலகைப் பெட்டிக்கு வெளியே எழுதுங்கள். அந்த ஊர் எந்த அளவில் பேசுகிறதோ அதைப் பட்டியலில் முதலில் வையுங்கள். வெளியிடும் முன், அந்த ஊர் வயலில் நட்டவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். நான் செய்யவில்லை. என் படிவம் ஒரு வேலி நிலத்தை ஒரு ஏக்கராக்கியது.'

செந்தாமரையின் போன் அடித்தது. வளவன். பின்னால் மிஷின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

"அக்கா, பொன்னுத்தாய் அக்கா வயலு. கடைசிச் சுத்து ஒண்ணுதான் பாக்கி. மிஷினுக்கு முன்னாடி வந்து நின்னுக்கிட்டு ஓட்ட விட மாட்டேங்குறாங்க."

"ஏன், என்னவாம்?"

போனில் பொன்னுத்தாயின் குரல் வந்தது. "அவள அனுப்பு. கடைசிச் சுத்து அவ வந்து பாத்தாத்தான் ஓடும். மிஷினு மேல ஏத்தி ஒக்கார வைக்கப்போறேன். ஊரே வந்து நிக்குது, அவ மட்டும் என்ன அங்க தட்டிக்கிட்டுக் கெடக்குறா?"

"அக்கா, ரெண்டே வரி," என்றாள் எழில்மொழி. "முடிச்சுட்டு வந்துடறேன்."

"அங்க டீசலு எரியுது," என்று செந்தாமரை லேப்டாப்பை மூடினாள். மின்விசிறியை நிறுத்தினாள். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள்.

எழில்மொழி செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு படியிறங்கி வாய்க்கால் கரையில் ஓட ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் செந்தாமரை கதவைச் சாத்திப் பூட்டினாள்.