தையலறைக்கு ஒரு லைன்

இருபத்தாறு வருஷமாகக் கரண்ட் வயர் இழுக்கிறேன். நான் லைன் போட்ட வீடுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு சின்ன ஊரே ஆகிவிடும். அதனால் வயர் விஷயத்தில் யாராவது எனக்குப் பாடம் எடுத்தால் பற்றிக்கொண்டு வரும்.

என் மனைவி தையல்காரி. கடையில் எந்தச் சட்டையும் பொருந்தாதவர்கள்தான் அவளைத் தேடி வருவார்கள். கூன் விழுந்தவர்கள், ஒரு கை இல்லாதவர்கள், ஒரு கால் குட்டையானவர்கள். ஒவ்வொருவருக்கும் அளவெடுத்து, துணி வெட்டும் படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து வைப்பாள். பதினோரு வருஷத்தில் அறுநூற்றுச் சொச்சம் படங்கள். எல்லாம் ஒரே பெட்டிக்குள். வேறு பிரதி கிடையாது.

அந்தப் பெட்டி தையலறைப் பஞ்சைத் தின்று தின்று நோயாளியாகிவிட்டது. உள்ளே டிஸ்க் ‘கட் கட்’ என்று அடித்துக்கொண்டது. பென் டிரைவ் செருகும் ஓட்டைகள் எப்போதோ செத்துவிட்டன. கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து அதன்மேல் காதை வைத்துக் கேட்டார்.

“கழட்டினா நான் பொறுப்பில்லக்கா. இன்னும் நாலஞ்சு தடவை ஆன் ஆகும், அவ்வளவுதான். நெட்வொர்க் ஓட்டை மட்டும் நல்லா இருக்கு. அது வழியா வேற கம்ப்யூட்டருக்கு எல்லாத்தையும் இழுத்துக்குங்க.”

அவர் போனபின் என் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

“இதுக்கா கலங்குற? நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்? முன்னறை கம்ப்யூட்டருக்கு ஒரு லைன் போட்டா முடிஞ்சுது.”

“அதையே இங்க தூக்கிட்டு வந்துடலாமே?”

“இந்தப் பஞ்சுல அதையும் சாகடிக்கவா? ஒழுங்கா லைன் போடுறேன். இனிமே நீ வரையுறது ரெண்டு ரூம்லயும் தெரியும்.”

கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற, ஏதோ ஆபீசில் வேண்டாமென்று கழித்த நாலு ஓட்டைப் பெட்டி ஒன்று, கடைக்காரரிடம் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது. ஒரு கட்டடத்தில் மிஞ்சிய கேபிள் என்னிடமே இருந்தது. பிளக்குகள் ஒரு கைப்பிடி. அவற்றை வயரில் அழுத்தும் கருவி இரவல். மொத்தத்தில் ஒரு நல்ல டார்ச் லைட் விலைகூட ஆகவில்லை.

கேபிளின் தோலை உரித்தேன். உள்ளே நூல் மாதிரி எட்டு வயர், இரண்டிரண்டாக முறுக்கிக் கிடந்தது. முறுக்கிய வயரைக் கண்டாலே எனக்கு ஆகாது. சோம்பேறி வேலை. எல்லாவற்றையும் பிரித்து நீவி, முழு நிறம் நான்கை ஒரு பக்கம், கோடு போட்ட நான்கை இன்னொரு பக்கம் என்று அழகாக அடுக்கினேன். இரண்டு முனையிலும் ஒரே வரிசை. பிளக் பாக்கெட்டில் இருந்த துண்டுச் சீட்டைப் படிக்காமலே கூடையில் போட்டேன். டெஸ்டரை மாட்டினால், வயருக்கு ஒன்றாக எட்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தது.

பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்தோம். மூன்று படங்கள் வந்தன, நின்றுவிட்டது. டிஸ்க் அடித்த அடியில் அணைத்துவிட்டோம். இரண்டாம் தடவை ஐந்து படங்கள். மறுபடி இணைப்பு அறுந்தது.

“எட்டும் எரியுதுடீ! வயர்ல ஒரு குத்தமும் இல்ல. அந்த ஓட்டைப் பெட்டிதான் டுபாக்கூர்!”

அவள் என் கத்தலைக் காதில் வாங்கவேயில்லை. வெட்டிப் போட்ட கேபிள் துண்டை விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, நாலு ஜோடியும் ஒரே மாதிரி முறுக்கல, பாருங்க. இது இறுக்கம், இது தளர்வு. யாரோ வேணும்னே இப்படிப் பண்ணியிருக்காங்க. நீங்க ஜோடியப் பிரிச்சுட்டீங்களா?”

“பிரிச்சா என்ன?”

அவள் கடைக்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஐயோ அக்கா, ரெண்டு வயரும் சேந்துதான் ஒரு சேதியத் தூக்கிட்டுப் போகும், ஒண்ணுல நேரா, இன்னொண்ணுல தலைகீழா. பக்கத்துல இருக்கறது போடுற இரைச்சல் ரெண்டு மேலயும் சமமா விழும். அந்தக் கோடியில ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணக் கழிச்சா இரைச்சல் போயிடும், சேதி மட்டும் மிஞ்சும். முறுக்கி வெச்சிருக்கறது அதுக்குத்தான். பாக்கெட்ல படம் போட்டிருக்குமே, அண்ணன் பாக்கலியா?”

அவள் கூடையைக் கவிழ்த்து அந்தச் சீட்டை எடுத்தாள். இரண்டு முனையையும் வெட்டி, ஜோடி கலையாமல், முறுக்கைப் பிளக் வாசல்வரை விட்டு, அவளே அழுத்தினாள்.

நான் அந்தக் கேபிள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நொடிக்குள் கோடித் தடவை துடிக்கிற சேதி. அதைக் காப்பாற்றுவது தங்கமும் இல்லை, தடித்த உறையும் இல்லை. கூடப் போகிற இன்னொரு வயரும் ஒரு முறுக்கும்தான். எத்தனை கட்டடத்தில் இதை மிதித்துக்கொண்டு நடந்திருப்பேன்! எனக்கு மெய்சிலிர்த்தது. இதை யோசித்தவன் எதிரே வந்தால் எழுந்து நின்றிருப்பேன்.

மூன்றாம் தடவை ஆன் செய்தோம். அவள் தையலறையில் பழைய பெட்டிக்குக் காவல், நான் முன்னறையில். இந்தத் தடவை நிற்கவில்லை. மடை திறந்த மாதிரி வந்தது. ‘கூன் முதுகு லைப்ரரியம்மா.’ ‘ஒற்றைக் கை டிரைவர்.’ ‘தீக்காயம், கழுத்து உரசக்கூடாது.’ ஒரு நூல் வயர் வழியாக ஊர் ஜனமே என் வீட்டுக்குள் நடந்து வருவதுபோல் இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அறுநூற்று முப்பத்தெட்டு. கடைசியும் வந்து சேர்ந்தது. பழைய பெட்டியை அணைத்தோம். அதற்கப்புறம் அது எழவேயில்லை.

“எல்லாம் வந்துடுச்சா? ஒண்ணத் தெறந்து பாருங்க!” என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

பட்டியலில் ‘இவர்’ என்று பதினோரு படங்கள், வருஷத்துக்கு ஒன்று. ஒன்றைத் திறந்தேன். ஆண் சட்டை. வலது தோள் ஒரு விரல் இறங்கியிருந்தது. பக்கத்தில் ‘ஏணி தூக்கும் பக்கம்’ என்று குறிப்பு. கடைசி வருஷத்துப் படத்தில் இரண்டு விரல். வலது கையும் கொஞ்சம் மடங்கியே இருப்பதாக வரைந்திருந்தாள்.

கண்ணாடிமுன் போய் நின்றேன். சட்டையில் நேரான ஆள். கழற்றினேன். இத்தனை வருஷமாக எனக்கே தெரியாத ஒரு கோணல் மனுஷன் நின்றுகொண்டிருந்தான்.

அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா வீம்புக்கு நிமிந்து நிப்பீங்க. அளவு தப்பாயிடும்.”