கழுத்துக்குக் கீழே

"நோட்டீசுக்கு மொகத்த மட்டும் வெட்டிக்கிறேன், அண்ணே," என்றான் ஸஜ்ஜாத். போன வருடம்தான் ஜீவராணியின் டிசைன் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன்.

மதுரன் தலையசைத்தான். திரையில் அவன் மனைவி ஜீவராணி சிரித்துக்கொண்டிருந்தாள், வட்டகொடை ஸ்டேஷனில், ஸ்வெட்டரும் குல்லாவுமாக. காய்ச்சல் என்று படுத்தவள் நேற்று ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

போன் அடித்தது. மாமியார்.

"மாப்புள, பட்டுச்சேலையோட போடச் சொல்லுங்க. எம்புள்ள கம்பளிச் சட்டையோடயா செவத்துல நிக்கிறது? சாயந்தரம் எடுக்கணும்ங்கிறாங்க. வெரசா வாங்க."

"சரிங்க, அத்தை."

ஸஜ்ஜாத் எதுவும் கேட்காமல் வேறொரு கோப்பைத் திறந்தான். தலையில்லாத ஓர் உடம்பு. அரக்குப் பட்டு, தாலி, கழுத்தெலும்பின்மேல் ஒரு மச்சம்.

"நம்ம கடையில எல்லாப் பொம்பளைங்களுக்கும் இதாண்ணே."

அது ஜீவராணியின் கூறைச்சேலை. தோளும் அவளுடையதுதான்.

சொந்தக் கடை வைப்பதற்கு முன் அவள் மஃறூப் நானாவின் ஸ்டூடியோவில் கல்யாணக் கார்டு அடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் டயகம தோட்டத்திலிருந்து ஒருவர் செத்துப்போன மனைவியின் படத்தோடு வந்தார். தேயிலைக் கொழுந்துக் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக நின்ற படம். "பட்டு உடுத்திக் குடும்மா. உசுரோட இருக்கயில நான் வாங்கிக் குடுக்கல," என்றாராம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கூறையை உடுத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"கழுத்துக்குக் கீழ மட்டும் எடுங்க. மூஞ்சி வேணாம்."

"என்னத்துக்குடி?"

"கேட்டு வந்தவர இல்லேன்னு சொல்லியா அனுப்புறது?"

அவன் எடுத்தான். பிறகு சொந்தக் கடை வந்தது. கொழும்புக் கம்பெனிகள் போனிலேயே வேலை கொடுத்தன. மரண நோட்டீசை மட்டும் அவள் விடவில்லை.

"இந்தா பாருங்கண்ணே." ஸஜ்ஜாத் நாற்காலியை நகர்த்தினான். "மத்தவங்களுக்கெல்லாம் கழுத்துல நெறம் சரி பண்ணணும். அக்காவுக்கு அப்பிடியே பொருந்திருச்சு."

மதுரன் திரையில் அந்த மச்சத்தைப் பார்த்தான்.

"தாலி, அண்ணே?" ஸஜ்ஜாத்தின் குரல் தாழ்ந்தது. "அக்கா எல்லார்கிட்டயும் கேப்பாங்க. இருக்கணுமா, அழிக்கணுமான்னு."

"இருக்கட்டும்."

நோட்டீஸ் அச்சானதும் இருவரும் ஒட்டப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இடமில்லை. ஸஜ்ஜாத் பழைய மரண நோட்டீஸ் ஒன்றின்மேல் பசை தடவப் போனான். யாரோ ஓர் அம்மா. மழையில் முகம் வெளுத்திருந்தது. பட்டின் அரக்கு இன்னும் இருந்தது.

"அது மேல ஒட்டாத."

"அது பழசுண்ணே."

மதுரன் அவன் கையிலிருந்து நோட்டீசை வாங்கினான். பக்கத்திலிருந்த டியூஷன் விளம்பரத்தின் மேல் ஒட்டி, ஓரங்களை உள்ளங்கையால் தேய்த்தான். காகிதத்தின் நடுவில் காற்றுக் குமிழ் ஒன்று நின்றது. அதை அழுத்தவில்லை.

இரண்டு பெண்கள். ஒரே சேலை. இருவர் கழுத்திலும் அவன் கட்டிய தாலி.

"மழ வருதுண்ணே," என்றான் ஸஜ்ஜாத்.